அத்தை வீட்டுக் கிணறும் என் வீட்டுத் தொட்டியும்

மாடியில் நாலு தொட்டி வைத்துக் கீரை விதைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விதை முளைக்கும்போது வருகிற சந்தோஷம். முளைத்தது கருகும்போது வருகிற வயிற்றெரிச்சலும் அவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டுமே வந்தன. அந்த எரிச்சலோடுதான் போன தை மாதம் பொள்ளாச்சிப் பக்கம் போய் வந்தேன்.

முதலில் கீரைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாப்பாவுக்கு நாலு வயது. ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் மருந்து கொடுத்தார். கூடவே, "தினமும் ஏதாவது ஒரு கீரை கொடுங்கள்" என்றார். கடைக்கீரையில் என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ, எந்தத் தண்ணீரில் கழுவினார்களோ! நாமே போட்டால் என்ன என்று தோன்றியது. நாங்கள் இருப்பது சென்னையில், இரண்டாவது மாடியில். "மண்ணு கனம், மாடி தாங்காதும்மா" என்று கடைக்காரர் செங்கல் மாதிரி ஒரு கட்டியைக் கொடுத்தார். தேங்காய் மட்டைத் தூளை அழுத்திச் செய்த கட்டி. கோகோபீட் என்று எழுதியிருந்தது. அஞ்சு கிலோ கட்டியைத் தண்ணீரில் போட்டேன். அது ஊறி ஊறி, இருக்கிற வாளியெல்லாம் நிறைந்து, பாப்பாவின் குளியல் தொட்டியும் நிறைந்துவிட்டது! பஞ்சு மாதிரி மிருதுவாக, கையில் ஒட்டாமல், பார்க்கவே ஆசையாக இருந்தது. அதை அப்படியே தொட்டிகளில் நிரப்பிச் சிறுகீரை விதைத்தேன்.

நாலாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் இலை ஓரமெல்லாம் நெருப்புப் பட்டது போலக் கருக ஆரம்பித்தது. பிடுங்கிவிட்டு மறுபடி விதைத்தேன். இந்தத் தடவை கருகியது போக மிச்சம் இருந்ததும் வெளுத்து மஞ்சளாகி நின்றது. "கீரைக்காரம்மாவுக்கே பணம் கொடுத்திருக்கலாம்" என்றார் என் கணவர். நான் பதிலே பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தையின் பேரனுக்குக் காதுகுத்து என்று அழைப்பு வந்தது. என் அப்பாவின் தங்கை, ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். இரவு ரயிலேறிக் காலையில் கோவையில் இறங்கினோம். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிசு. ஈச்சனாரிப் பிள்ளையாரை ஜன்னல் வழியே கும்பிட்டு, கிணத்துக்கடவு மலைக்கோயிலைத் தாண்டினால் காற்றே மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் தென்னை. தூரத்தில் ஆனைமலைத் தொடர் நீலமாகத் தெரிகிறது.

பொள்ளாச்சியைத் தாண்டி டவுன் பஸ்ஸில் போகும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. தோப்புகளுக்கு நடுவே அங்கங்கே பழுப்பு நிறத்தில் குன்று குன்றாக ஏதோ குவித்திருந்தார்கள். பெரிய பெரிய களங்களில் அதையே பரப்பி, பெண்கள் கிளறிவிட்டுக் கொண்டிருந்தார்கள். ஈரக் கயிற்றின் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. சட்டென்று புரிந்தது. என் மாடித் தொட்டியில் இருப்பதும் இதேதான்!

அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டே கீரை கருகிய கதையைச் சொன்னேன். அத்தை சிரித்துவிட்டார்.

"வெறும் மட்டைத்தூளையா போட்டே? ஏங்கண்ணு, இலையில வெறுஞ்சோத்தை வெச்சுட்டுக் கொழம்பே ஊத்தலைன்னா எப்படி? அதுலயும் அது உப்புச் சோறு!"

எனக்கு விளங்கவில்லை. "உங்க மாமனைக் கூட்டீட்டுக் களத்துக்குப் போயிட்டு வா. அங்க ஒரு பொண்ணு இருக்கா, நல்லா வெவரமாச் சொல்லுவா" என்றார்.

மறுநாள் காலையில் மாமாவோடு போனேன். தூளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற களம் அது. மேற்பார்வை பார்க்கிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தலையில் துண்டு, மூக்கை மறைத்து ஒரு துணி. எனக்கும் ஒரு துணியைக் கொடுத்து, "கட்டிக்குங்கக்கா, காஞ்ச தூள் நெஞ்சுக்குள்ள போனா இருமல் விடாது" என்றாள்.

மட்டையை மில்லில் அடித்தால் நார் தனியாக வருகிறது, தூள் தனியாகக் கொட்டுகிறது. ஒரு கிலோ நாருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ தூள்! ஒரு காலத்தில் யாரும் சீந்தாமல் ரோட்டோரம் கொட்டிக் கிடந்த தூள்தான். இப்போது நெதர்லாந்து, தென்கொரியா, அமெரிக்கா என்று கப்பலேறுகிறது. அங்கெல்லாம் செடி வளர்க்கச் சதுப்பு நிலத்தில் மக்கிய பாசியை வெட்டி எடுப்பார்களாம். அந்தப் பாசிப் படிவம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் சேரும். வெட்டினால் தீர்ந்தது. அதனால்தான் நம் மட்டைத் தூளுக்கு இத்தனை மவுசு.

"இதுல என்ன விசேஷம்னா, தன் எடையைப்போல அஞ்சு மடங்கு, எட்டு மடங்கு தண்ணி குடிக்கும். குடிச்சும் உள்ளே காத்துக்கு எடம் வெச்சிருக்கும். வேருக்குத் தண்ணியும் வேணும், காத்தும் வேணுமில்லீங்களா?" என்றாள்.

"எல்லாம் சரிதான், என் கீரை ஏன் கருகிச்சு?"

அவள் இரண்டு டம்ளர் கொண்டு வந்தாள். ஒன்றில் கழுவாத தூள், மற்றதில் கழுவிய தூள். இரண்டிலும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சற்றுப் பொறுத்துப் பேனா மாதிரி ஒரு கருவியை விட்டுக் காட்டினாள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயுமல்லவா? அதை வைத்து உப்பை அளக்கிற பேனா அது. களத்தில் அதற்கு 'ஈசி' என்று பெயர். கழுவாத தூளில் நாலுக்கு மேல் காட்டியது. கழுவிய தூளில் ஒன்றுக்குக் கீழே.

தென்னை பொட்டாசியத்தை நிறைய உறிஞ்சுகிற மரம். உறிஞ்சியதில் ஒரு பங்கை மட்டையில் சேர்த்து வைக்கிறது. சோடியமும் குளோரைடும் கூடவே இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தத் தூளில் பிஞ்சு வேர் இறங்கினால் என்ன ஆகும்? ஊறுகாய் ஜாடியில் எலுமிச்சை என்ன ஆகிறது? உப்பு அதன் தண்ணீரையெல்லாம் வெளியே இழுத்துவிடுகிறதல்லவா, அதுதான் இங்கேயும்.

கழுவினாலும் முழுக்கப் போய்விடுவதில்லையாம். இதை அவள் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "உக்கடத்து பஸ்ஸுல வந்தீங்கல்ல? தூளுக்குள்ள சீட்டு இருக்குன்னு வெச்சுக்குங்க. நிக்கற உப்பெல்லாம் தண்ணி ஊத்தினா எறங்கிரும். சீட்டுல உக்காந்திருக்கற பொட்டாசியமும் சோடியமும் எறங்காது. கால்சியத்தை ஏத்தி விட்டாத்தான் அதுங்க எந்திரிக்கும்." அதற்காகக் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் நாம் போடுகிற கால்சியத்தைத் தூளே பிடித்துக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறதே, கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவதுதான் அது.

இலை மஞ்சளானதற்குக் காரணத்தை மாமா வரும் வழியில் சொன்னார். ஆழியாறு நகரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டு வந்தவர் அவர். பச்சைத் தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரி இருக்கிறது. அதைத் தின்று மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். தூளில் இல்லையென்றால் செடிக்கு நாம் போட்டதிலிருந்து எடுத்துக்கொள்ளும். குழந்தைக்கு வைத்த பாலைப் பூனை குடித்த கதைதான்! மாமா தோப்பிலேயே தூளை அடுக்கடுக்காகப் பரப்பி, ஓர் அடுக்குக்குச் சிப்பிக்காளான் வித்து, அடுத்த அடுக்குக்குக் கொஞ்சம் யூரியா என்று தூவி, ஈரம் காயாமல் அறுபது நாள் வைக்கிறார். தூள் கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு மக்கிவிடுகிறது. 112 என்பது 24-க்கு இறங்கிவிடுமாம். பிறகு செடிக்குப் போட்டால் பயமில்லை.

இதுவரை கேட்டு, ஆஹா, நம் கீரைக்கு வழி கிடைத்துவிட்டது என்று உற்சாகமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். வெயிலில் வந்த தாகம். சமையற்கட்டில் அத்தை கேனிலிருந்து தண்ணீர் சாய்த்துக் கொடுத்தார்.

"ஏன் அத்தை, கேன் தண்ணியா? நம்ம கிணத்துத் தண்ணி கல்கண்டு மாதிரி இருக்குமே!"

சின்ன வயதில் லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் எங்கள் குளியல். அத்தை ஒன்றும் சொல்லாமல் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் ஒரு வாளி இறைத்து வைத்தார். பார்த்தேன். தண்ணீர் டீ வடித்தது போல் இருந்தது.

"ரெண்டு வருசமா இப்படித்தான் அம்மிணி. வெள்ளைத் துணி துவைச்சா மஞ்சளாகுது. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

மேட்டில் இன்னொரு களம் இருக்கிறது. நான் பார்த்து வந்த களத்தில் தரையெல்லாம் சிமெண்ட் பூசி, சரிவாக வாட்டம் வைத்து, கழுவின தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத் தெளிய வைத்து, அடுத்த தூளின் முதல் கழுவலுக்கு அதையே எடுத்துக்கொள்கிறார்கள். மேட்டுக் களத்தில் வெறும் மண் தரை. கழுவின தண்ணீர் மட்டையின் சாயத்தோடும் உப்போடும் பூமிக்குள் இறங்கி, அத்தை வீட்டுக் கிணற்றில் வந்து ஊறுகிறது.

காதுகுத்து முடிந்து எல்லோருமாக ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனோம். அம்மன் அங்கே படுத்த கோலத்தில் இருக்கிறாள். நியாயம் கிடைக்காதவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவது அங்கே வழக்கம். அம்மியின் முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். "நீங்களும் அரைக்கலாமே அத்தை, அந்தக் களத்துக்காரனுக்கு" என்றேன் கோபமாக.

அத்தை நடந்துகொண்டே சொன்னார்: "யாருக்குன்னு அரைக்கறது கண்ணு? நம்ம தோப்பு மட்டையும் அந்த மில்லுக்குத்தான போகுது. வாடல் நோவுல மரமெல்லாம் வெட்டியாச்சு. மிச்ச மரத்துல மட்டைக்காசும் ஒரு காசு. அந்தக் களத்துல தூள் கிளர்றது பூராம் நம்மூர்ப் பொம்பளைங்க. மூடிட்டா அவங்க எங்க போவாங்க? தரைக்குச் சிமெண்ட் பூசச் சொல்லோணும். அதைத்தான் கேட்டுட்டு இருக்கோம்."

நான் வாயடைத்துப் போனேன். அத்தை என்னைச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு என் மாடித் தொட்டிதான் ஞாபகம் வந்தது. கழுவாத தூளை எனக்கு விற்றுவிட்டார்களே என்று அங்கலாய்த்தேனே, கழுவியிருந்தால் அந்த உப்பு எங்கே போயிருக்கும்? உப்பு எங்கேயும் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. என் கீரையில் இல்லாவிட்டால் யாரோ ஒரு அத்தையின் கிணற்றில்.

ஊர் திரும்பியதும் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உபயோகப்படும்.

பெரிய கட்டி வேண்டாமென்று 650 கிராம் சின்னக் கட்டியாக வாங்கினேன். அதுவே ஊறினால் எட்டு, ஒன்பது லிட்டர் அளவுக்குப் பொங்கிவிடும். உதிர்க்கும் முன்பே நனைத்துவிட வேண்டும், தூசி பறக்காது. அந்த நேரத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். ஊறியதைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, தண்ணீரில் அலசிப் பிழிந்தேன். முதல் தண்ணீர் டிகாக்ஷன் நிறம். மூன்றாவது நாலாவது தண்ணீரில் நன்றாக வெளுத்துவிட்டது.

அந்தத் தண்ணீரை நான் சாக்கடையில் கொட்டவில்லை, கிணறோ போர் குழாயோ இருக்கிற பக்கமும் ஊற்றவில்லை. இன்னும் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து கீழ் வீட்டுத் தென்னைக்கு ஊற்றினேன். நாலு வாளி தண்ணீர் தென்னையை ஒன்றும் செய்யாது. அதன் பொட்டாசியம் அதற்கே போய்ச் சேரட்டும்.

பிறகு கலவை. கழுவிய தூள் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தூள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், காற்றுக்கும் இடம் விடும். ஆனால் அதில் சாப்பாடு கிடையாது. மண் தாதுக்களைக் கொடுத்து வேருக்குப் பிடிமானமும் தரும். எருதான் குழம்பும் கறியும். மாமாவிடம் வாங்கி வந்ததைப் போல மக்கிய தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. மாடியின் பாரத்துக்கும் இந்தக் கலவை வெறும் மண்ணைவிட எவ்வளவோ குறைவு. தொட்டியை நானே நகர்த்தி வைக்கிறேன்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு பிடி ஈரக் கலவையை அழுத்திப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரிப் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிமண் உருண்டையாக நின்றால் தூளோ கழுவிய கரடு மணலோ இன்னும் கொஞ்சம் வேண்டும். பிடிபடவே இல்லையென்றால் மண் போதாது.

அடியில் தண்ணீர் தேங்கக்கூடாதென்று ஜல்லி போடுவதும் நம் வழக்கம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு செங்குத்தாகத் திருப்பிப் பாருங்கள், மறுபடியும் தண்ணீர் வடியும். ஸ்பாஞ்சின் அடியில் எப்போதும் ஓர் ஈரப்பட்டை தங்கும். அது படுத்திருந்தால் முழுக்க ஈரம், நின்றால் அடியில் மட்டும்தான் ஈரம். தொட்டியும் அப்படித்தான். ஜல்லி போட்டால் அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆகையால் ஜல்லி வேண்டாம். ஓட்டைமேல் ஒரு ஓட்டுச்சில் போதும், மிச்ச உயரமெல்லாம் கலவைக்கே. ரொம்பத் தட்டையான தட்டுகளையும் தவிர்த்துவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. தூள் கலந்த தொட்டி மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். நான் முதலில் மேலே பார்த்தே தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன்.

கீரை முடிந்ததும் கலவையைத் தூக்கி எறிவதும் இல்லை. வேரை நீக்கி, வெயிலில் இரண்டு நாள் உலர்த்தி, எரு சேர்த்து மறுபடி அதே தொட்டிக்கு. மட்டைத் தூள் சீக்கிரம் மக்கிவிடுகிற வஸ்து இல்லை, ஆகவே வருஷா வருஷம் புதுக் கட்டி வாங்க அவசியமில்லை. எத்தனை கட்டி மிச்சமோ, அத்தனை கட்டி கழுவுகிற தண்ணீரும் மிச்சம். வாங்கும்போது "கழுவினதாங்க?" என்று கேட்கிறோமல்லவா, "எங்கே கழுவினது, அந்தத் தண்ணியை என்ன பண்றாங்க?" என்றும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். நாலு பேர் கேட்டால் அவரும் தனக்கு அனுப்புகிறவரைக் கேட்பார்.

இருபத்தைந்தாம் நாள் சிறுகீரையைப் பிடுங்கினேன். பருப்பு போட்டுக் கடைந்து, நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் பாப்பா, "இது நம்ம கீரையா?" என்று கேட்டுக் கேட்டு இரண்டு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டாள். அடுத்த பரிசோதனையில் ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. மருந்தால்தான் ஏறியது என்று தெரியும். கீரைக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்று நான் சொல்லிக்கொள்கிறேன், யார் தடுப்பது?

போன வாரம் அத்தையிடம் போனில் பேசினேன். மேட்டுக் களத்தில் சிமெண்ட் பூச ஆரம்பித்திருக்கிறார்களாம். "பாதிக் களம் ஆச்சு. மீதிக்குக் காசில்லைன்னு நிறுத்தி வெச்சிருக்கான். விடமாட்டோம், தெனமும் யாராவது போய்க் கேக்கறோம்" என்றார். கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதுக்குள்ளயா கண்ணு? பூமிக்குள்ள எறங்கினது வடியோணுமே. நாலு மழை பெய்யட்டும்."

ஆடி நோம்பிக்கு வரச் சொல்லியிருக்கிறார். போனதும் முதல் வேலையாகக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துப் பார்க்க வேண்டும்.